ஒரு நாள் எவ்வளவு?

"ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கட்டுங்க, அம்மிணி?" என்றார் திருமூர்த்தி.

கோகிலா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் எவ்வளவுங்கண்ணா?"

"அதைத்தானே நானும் கேட்கிறேன்."

"இல்லீங்க. நீங்க கேட்டது ஒரு நாளைக்கு. நான் கேட்டது ஒரு நாள்."

திருமூர்த்திக்கு விளங்கவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். மார்ச் மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

கோகிலாவுக்கு முப்பத்தெட்டு. ஈரோட்டில் பதினோரு வருடமாகத் தனியாக அதே வேலை. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, ஷட்டர் போட்ட சின்னக் கடை.

திருமூர்த்தி தொழில் கற்க அவரிடம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மெஷின் விஷயத்தில் திருமூர்த்திக்குக் கற்க ஒன்றும் இல்லை. கோகிலாவே சில சமயம் அவரிடம் கேட்பார்.

திருமூர்த்திக்கு வராதது ஒன்றே ஒன்று. வேலை முடிந்து, வாடிக்கையாளர்கள் "எவ்வளவுங்க?" என்று கேட்டால், அவர் வாய் தானாகச் சொல்லும்:

"பார்த்துக் குடுங்க."

அவர்களும் பார்த்துக் கொடுத்தார்கள். ஒருவர் முந்நூறு கொடுத்தார். ஒருவர் நூற்றைம்பதும் ஒரு டீயும் கொடுத்தார். ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டு, அடுத்த முறை சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

"பார்த்துக் குடுங்கன்னா, எதைங்கண்ணா பாக்கறது?" என்று ஒரு நாள் கோகிலா கேட்டார்.

திருமூர்த்தி யோசித்தார். "என் மூஞ்சியைத்தான்."

இப்போது பெருந்துறையில் ஒரு நூல் மில்லிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் வேலை. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்து, நாளுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும். பார்த்துக் குடுங்க என்றால் முதலாளிக்குப் பிடிக்காதாம்.

மில் அமையாவிட்டால் ஹைதராபாத். அங்கே ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் மட்டும்தான் போக முடியும். மாமியார் படுக்கையில் இருக்கிறார். மனைவியால் அவரை விட்டு நகர முடியாது.

"தொகையைச் சொல்லிருங்க, அம்மிணி. அதை அப்படியே சொல்லிடறேன்."

"இன்னைக்குத் திங்கள். ஒரு நாள் வேலை பாருங்க. நாள் முடிஞ்சதும் வந்து, அது எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்லுங்க."

*

திருமூர்த்தி ஐந்து நாற்பதுக்கு வந்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

"ரெண்டு இடம். மொத்தம் மூணு மணி நேரம் பத்து நிமிஷம்."

"காலைல எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"ஒன்பதுக்கு."

"மீதி நேரம் எங்க போச்சு?"

"பஸ்ல போச்சு. அப்புறம் ஒரு இடத்துல பாஸ்வேர்டு தெரிஞ்சவரு சாப்பிடப் போயிட்டாரு. ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

"யாரு உக்காந்திருந்தது?"

"நான்தான்."

"அந்த நேரத்துல வேற எங்கயாவது இருந்தீங்களா?"

"அதெப்படிங்க முடியும்?"

கோகிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது திருமூர்த்தியின் போன் அடித்தது. காலையில் வேலை பார்த்த இடம். சின்ன டவுட்டாம். அவர் தெருமுனைக்குப் போய்ப் பேசினார். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

திரும்பி வந்து பார்த்தார். ஷட்டர் இறக்கியிருந்தது. ஸ்கூட்டரையும் காணோம்.

*

மறுநாள் காலை கடை திறக்கும்போதே திருமூர்த்தி நின்றிருந்தார்.

"என்னங்க அம்மிணி, சொல்லாமப் போயிட்டீங்க?"

"ஆறு மணிங்கண்ணா. நாள் முடிஞ்சிருச்சு."

"எனக்கு முடியலீங்களே. ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட ஒரு போன் வந்துச்சு."

"அதைத்தான் நேத்துக் கேட்டேன்."

திருமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

மதியம் கோகிலா டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டார். "மாசத்துல எத்தனை நாள் கூப்பிடுவாங்க?"

"மில்லு எட்டு நாள். மத்த இடமெல்லாம் சேர்த்து ஆறு. பதினாலு நாள்."

"மத்த பதினாறு நாள் சாப்பிடுவீங்களா?"

"அதென்னங்க கேள்வி?"

"சும்மா கேட்டேன்." அவர் ஒரு இட்லியை எடுத்துத் திருமூர்த்தி பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க."

அன்று மாலை திருமூர்த்தி வீட்டுச் செலவை எழுதினார். மாமியாரின் மருந்தோடு சேர்த்து நாற்பத்தைந்தாயிரம். அதை முப்பதால் வகுத்துப் பார்த்தார். அடித்துவிட்டுப் பதினான்கால் வகுத்தார்.

வந்த எண்ணைக் கண்டு அவருக்கே பயமாக இருந்தது.

*

வியாழக்கிழமை. மில் முதலாளியின் பெயர் குமாரவேலு. மேசைக்குப் பின்னால் பெரிய கடிகாரம் ஒன்று ஓடியது.

"சொல்லுங்க. நாளைக்கு எவ்வளவு?"

திருமூர்த்தியின் வாய் திறந்தது. "பா" என்று தொடங்கியது.

மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல பத்து மணிக்கு வருவேனுங்க. ஆறு மணிக்குக் கிளம்பிருவேன். நடுவுல வேலை இருந்தாலும் இல்லைனாலும் இங்கதான் இருப்பேன். ஆறுக்கு மேல போன் எடுக்க மாட்டேன். அது ஒரு நாளுங்க. மூவாயிரத்து இருநூறு."

குமாரவேலு பேனாவை உருட்டினார்.

"கொஞ்சம் குறைச்சுக்கலாமே?"

"குறைச்சுக்கலாங்க." திருமூர்த்தி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்குக் கிளம்பட்டும்?"

குமாரவேலு பேனாவை நிறுத்தினார். அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஆறுக்கே போங்க. திங்கள்கிழமை வந்துருங்க."

*

பஸ் பிடித்து அவர் கடைக்கு வந்தபோது, கோகிலா வெளியே நின்று ஷட்டரின் ஒரு முனையைப் பிடித்திருந்தார்.

"அம்மிணி! ஹைதராபாத் போகலீங்க!"

"எவ்வளவு கேட்டீங்கண்ணா?"

திருமூர்த்தி பதில் சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சின்ன டவுட்டுக்காரர்தான். கடைக்குள் சுவரில் மணி ஆறு இரண்டு.

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். ஷட்டரின் மறு முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து கீழே இழுத்தார்கள்.

"எவ்வளவுன்னு கேட்டேனே?" என்றார் கோகிலா.

"நாளைக்குச் சொல்றேனுங்க."