விளிம்பில் உட்கார்ந்த எலுமிச்சை

மரமும் காயும் புட்டிக்குள் இருக்கும் சாராயமும்கூடப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதர்களுக்குத்தான் நடுவில் பேச இடம் கிடைக்காது.

மலைமேல் ஒரு வீட்டில் சூசையும் அவன் மனைவி மரியபுஷ்பமும் இருந்தார்கள். சூசைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கம்பளிக்குமேல் கம்பளி போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. மருந்து வாசலிலேயே நின்றது, சின்கோனா மரம். அதன் பட்டையைக் குமிழி விடும் சுனைநீரில் ஊறவைத்துக் குடித்தால் காய்ச்சல் ஓடிவிடும். ஆனால் அப்படியொரு கசப்பு. சூசை வாயில் வைத்த வேகத்தில் துப்பினான்.

"செத்தாலும் சாவேன், இத குடிக்க மாட்டேன்."

"நீங்க போயிட்டா நான் யாரோட சண்ட போடறதாம்?" என்றாள் மரியபுஷ்பம். கோபமாகத்தான் சொன்னாள், கண் கலங்கிவிட்டது.

அலமாரியில் இருந்த ஜின் இதைக் கேட்டது. வாசனைக் காய் போட்டு வடித்த சாராயம் அது, தலைக்கனத்துக்குக் கேட்கவே வேண்டாம். "என்னைக் கலந்து குடு. கசப்பு போன இடம் தெரியாது."

"குடிகாரனோட எனக்கென்ன சகவாசம்? நான் மருந்தாக்கும்," என்றது பட்டைநீர்.

மரியபுஷ்பம் இரண்டையும் அதட்டி ஒரே புட்டியில் ஊற்றி மூடினாள். மருந்தென்றால் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். நன்றாகக் குலுக்கினாள். உள்ளே இருந்த இரண்டும் கட்டிப்புரண்டு, மூடியைத் தள்ளிக்கொண்டு பீறிட்டன. மருந்து முழுவதும் கூரைக்குப் போயிற்று. கூரைக்கு அதன்பிறகு காய்ச்சலே வந்ததில்லை.

பட்டைநீர் சட்டியில் கொஞ்சம், ஜின் அலமாரியில் கொஞ்சம், அவ்வளவுதான் மிச்சம். அவள் மரத்திடம் ஓடினாள்.

"இன்னும் உரிச்சா நான் பட்டுப்போயிருவேன்மா. இருக்கறத வச்சுப் பாரு," என்றது மரம்.

மரியபுஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே கட்டில் ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தில் எலுமிச்சைச் செடி. அதுவரை யாரும் அதன் காயை அறுத்ததில்லை, அது விட்டதுமில்லை.

"அழாதக்கா," என்றது ஒரு எலுமிச்சை. "ரெண்டுமே ரோஷக்காரங்க. குலுக்கினா குதிக்காம என்ன செய்வாங்க? மொதல்ல சூடு தணியணும். காலைல விழுந்த ஆலங்கட்டி என் நிழல்ல கெடக்கு பாரு. அத டம்ளர்ல போடு. மேல ஜின்ன ஊத்து. பட்டத்தண்ணிய ஓரமா, மெதுவா விடு. கடைசில என்னப் பிழி."

"உன்ன அறுக்கணுமே."

"அறு. ஆனா ஒரு துண்ட விளிம்புல உக்கார வை. ஆள் பார்க்கலேன்னா மறுபடி ஆரம்பிச்சிருவாங்க."

அவள் அறுத்தாள். சொன்னபடியே ஊற்றினாள். டம்ளருக்குள் 'உஸ்ஸ்' என்று சண்டை கிளம்பியது. எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு துண்டை விளிம்பில் செருகினாள். சத்தம் மெல்ல அடங்கியது.

சூசை சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தான். துப்பவில்லை. அடுத்த வாயும் உள்ளே போயிற்று.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றான்.

பொழுது சாயும்போது அவனுக்கு வியர்த்தது. கட்டில் ஆடுவது நின்றது. மரியபுஷ்பம் சுவரில் சாய்ந்து, அத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். "அப்பாடா."

அன்றிலிருந்துதான் வீட்டில் ஜின்னும், இப்போது டானிக் என்று பெயர் மாறிவிட்ட அந்தப் பட்டைநீரும் கலக்குகிறவர்கள் முதலில் ஐஸைப் போடுகிறார்கள், குலுக்காமல் ஓரமாக ஊற்றுகிறார்கள், விளிம்பில் ஓர் எலுமிச்சைத் துண்டைக் காவலுக்கு வைக்கிறார்கள். முதல் வாய் உள்ளே போனதும் தன்னை அறியாமல் "அப்பாடா" என்கிறார்களே, அது மரியபுஷ்பம் அன்றைக்கு விட்ட மூச்சு.