மரத்துப்போன கால்

சீடனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. சீடன் குருவை ‘சாமி’ என்று கூப்பிடுவார். குரு சீடனை ‘சார்’ என்று கூப்பிடுவார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடன் என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும்.

சீடனின் பெயர் கோதண்டம். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் டிரெய்னர். குருவின் பெயர் ஏழுமலை. ஒரு காலத்தில் கோதண்டத்திடம் ஜாக்கியாக இருந்தவர். ஒரு பந்தயத்தில் குதிரை இடறி விழுந்தபோது அவருடைய வலது முட்டி அதன் அடியில் சிக்கிக்கொண்டது. டாக்டர்கள் இரும்புத் தகடு வைத்துச் சேர்த்துக் கட்டினார்கள். தடி ஊன்றினால் நடக்கலாம் என்ற அளவுக்கு அது காலாயிற்று.

அதன் பிறகு ஏழுமலை பந்தயம் நடக்கும் அந்த மலையூரிலேயே, மைதானத்துக்கு மேலே இருக்கும் சரிவில், ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சீசன் முடிந்து பெரிய மனிதர்கள் எல்லாம் மலையிறங்கிய பிறகு, இனி ஓடாது என்று கைகழுவிய குதிரைகள் சில ஊருக்குள் சுற்றும். மார்க்கெட் குப்பையில் முட்டைக்கோஸ் இலை தின்னும். சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஏழுமலை அவற்றின் பிடரியைப் பிடித்து, நொண்டியபடி மேலே கூட்டிக்கொண்டு போவார். மற்றபடி யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருக்கிறவனை நம் ஜனங்கள் சும்மா விட்டுவைப்பார்களா? ஜாக்கி சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கோதண்டம் ஒருநாள் பழைய பழக்கத்தில் அவரைப் பார்க்கப் போனார். அப்புறம் வாரம் தவறாமல் போக ஆரம்பித்தார். கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், மனசு லேசாகிவிடுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாள் முழுக்கக் குதிரைகளை விரட்டுகிறவருக்கு, ஓடாத குதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. அந்தக் குதிரைகளில் இரண்டு அவரே பழக்கி, அவரே வேண்டாமென்று விட்டவை. அது அவருடைய நிம்மதியைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது முகம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கோப்பைக்கான பந்தயம். இத்தனை வருஷத் தொழிலில் அந்தக் கோப்பை ஒருமுறைகூட அவர் கைக்கு வந்ததில்லை. இந்த வருஷம் வரும் என்று ஊரே சொன்னது. காரணம், அவர் லாயத்தில் நின்ற ஒரு செம்பட்டைக் குதிரை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. கோதண்டம் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் செருமினாலே பாப்பா தலையைத் தூக்கும். கிட்டே போனால் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு வெல்லம் தேடும். அவருக்கு அதன்மேல் உயிர். இதில் பொய் எதுவும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு கசக்காது.

அன்று காலை பாப்பாவின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தபோது, குளம்புக்கு மேலே நரம்பு லேசாக வீங்கிச் சூடாக இருந்தது. சாதாரணமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. வேகமாகத் திரும்பும்போது மட்டும் அந்தக் காலை முழுசாக ஊன்றாமல் வைத்தது. அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. வேறு யாருக்கும் அவர் சொல்லவும் இல்லை.

இதையெல்லாம் சாமியிடம் சொன்னார். தன் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். கால் மரத்துப்போகிற மருந்து. பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால் போட்டுவிட்டால் போதும், குதிரைக்கு வலி என்பதே தெரியாது. விதிப்படி கூடாதுதான். ஆனால் மாட்டிக்கொள்ளாமல் செய்யும் வழி அவருக்குத் தெரியும். மாட்டிக்கொள்வது பற்றி அவருக்குப் பயமில்லை; மனசுதான் உறுத்துகிறது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சாமி” என்றார் கோதண்டம். “வலியோட ஓட்டினா அது கொடுமை. ஒத்துக்கறேன். வலியே தெரியாம பண்ணிட்டா, அப்பவும் அது கொடுமையா?”

சாமி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு வேட்டியை முட்டிக்கு மேலே சுருட்டினார்.

“எனக்குப் போடுங்க சார்.”

கோதண்டம் பதறிப்போனார். இது குதிரைக்கு வைத்திருக்கிற மருந்து என்றார்.

“மருந்துக்கு அது தெரியுமா?”

பல் டாக்டர் ஈறில் போடுகிற ரகம்தான் அதுவும். கோதண்டம் எவ்வளவோ மறுத்தார். சாமி வேட்டியை இறக்கவில்லை. குரு ஒன்று கேட்டு இல்லை என்பதா என்று கடைசியில் அவருக்கே சங்கடமாகிவிட்டது. முட்டியைச் சுற்றி ஊசியைப் போட்டார். நெடுநாள் பழகிய கை.

மருந்து பிடிக்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமி முட்டியைக் கிள்ளிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்து நின்றார்.

வாசல்வரை நடந்தார். வேலிவரை நடந்தார். அங்கிருந்து புல்வெளியில் இறங்கி ஓட ஆரம்பித்தார்.

கோதண்டம் வெளியே வந்து நின்றார். ஏழுமலை ஓடுவதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அந்தச் சின்ன உடம்பு, லேசாக முன்னால் சாய்ந்த அந்த முதுகு, எல்லாம் அப்படியே இருந்தது. மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுக் குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சரிவின் அடிவரை ஓடி, திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேயும் ஓடிவந்தார் சாமி.

“டேய் ஏழுமலை, மெதுவாடா” என்று கோதண்டம் தன்னை மறந்து கத்திவிட்டார். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த தண்ணீர்தான்.

சாமி மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வலிக்குதா சாமி?”

“இல்ல சார்.”

“கொஞ்சங்கூட?”

“கொஞ்சங்கூட இல்ல.”

கோதண்டத்துக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதுவும் வாயால் சொன்ன பதில் இல்லை, குருவே தன் உடம்பில் செய்து காட்டிய பதில். இப்படி ஒரு குரு யாருக்குக் கிடைப்பார் என்று நெஞ்சு விம்மியது. காலில் விழுந்து கும்பிட்டார்.

“ராத்திரி இங்கயே தங்கிடுங்க சார்” என்றார் சாமி. “காலையில போலாம்.”

விடியற்காலையில் குதிரைகளை மைதானத்தில் சுற்றவிட வேண்டும், குதிரை முதலாளி வேறு மலையேறி வருகிறார் என்று கோதண்டம் சொன்னார். கஞ்சி வைக்கச் சொல்கிறேன், இருந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று சாமி இன்னொரு தடவையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு வந்து குடிக்கிறேன் என்று சிரித்துவிட்டுக் கோதண்டம் ஜீப்பில் ஏறினார். அவர் போன பிறகும் சாமி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் காலில் ஊசி இறங்கியது.

பாப்பா நன்றாகத்தான் ஓடியது. நன்றாக என்றால், மைதானமே எழுந்து நின்று பார்க்கும்படி. கடைசித் திருப்பத்துக்கு வரும்போது அதற்கு முன்னால் ஒரு குதிரை இல்லை. கோதண்டம் கோப்பையைக் கையில் வாங்கிவிட்டதாகவே நினைத்தார். திருப்பத்தில் கால் முறிந்தது. சாதாரணமாகக் கால் முறிந்த குதிரை அந்த இடத்திலேயே தடுமாறி நின்றுவிடும். பாப்பாவுக்குக் கால் முறிந்தது தெரியவில்லை. முறிந்த காலை ஊன்றி ஊன்றி, அது கீழே துண்டாகத் தொங்க ஆரம்பித்த பிறகும் ஓடியது. கூட்டத்தில் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. பாப்பா விழுந்தது வலியினால் இல்லை. ஊன்றுவதற்குக் கால் இல்லாததால் விழுந்தது.

பச்சைத் துணியை இழுத்து மறைப்புக் கட்டினார்கள். கால் முறிந்த குதிரையை மறைப்புக்குப் பின்னால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளைக் கூட்டிவந்தவர்கள் அவர்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க அந்தப் பக்கம் அழைத்துப்போனார்கள். டிராக்டர் வந்து போயிற்று. அடுத்த பந்தயம் நேரத்துக்கு ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை கோதண்டம் மலைச்சரிவில் ஏறினார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் அழுவதற்காக அவர் வரவில்லை. சண்டை போட வந்தார். நீங்கள்தானே காட்டினீர்கள், உங்களை நம்பித்தானே செய்தேன் என்று கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கொட்டகை வாசலில் லூர்துமேரி தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேயிலை பறிக்கிறவள், சாமிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறவள். கோதண்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆனால் வழி விடவில்லை.

“மனுசன் வெள்ளிக்கிழமை ராவெல்லாம் துணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்காருய்யா” என்றாள். “காலையில நான் வந்து பாக்கறேன், முட்டி பூசணிக்கா மாதிரி இருக்கு. உள்ள வச்ச தகடு பிச்சுக்கிச்சாம். எலும்பு நொறுங்கிப்போச்சாம். ஆஸ்பத்திரி டாக்டரு, இனிமே தடி வச்சுக்கூட நடக்க முடியாதுன்னுட்டாரு. யாரோ ஊசி போட்டு ஓட வச்சிருக்காங்கய்யா. எந்தப் பாவியோ தெரியல, கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு.”

கோதண்டம் அவளைத் தாண்டி உள்ளே போனார்.

சாமி பாயில் படுத்திருந்தார். வலது கால் சுருட்டிய சாக்கின்மேல் இருந்தது. முகம் வற்றியிருந்தது. வாங்க சார் என்றார், எப்போதும்போல.

கோதண்டம் உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபம் அந்தக் காலைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருந்தது.

“வலிக்கலன்னு சொன்னீங்களே சாமி.”

“கேட்டப்ப வலிக்கல.”

“இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஓடினீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை, வேணாம்டா, பாப்பாவ ஓட்டாதடான்னு சொல்லியிருக்கக்கூடாதா? நான் கேட்டிருக்க மாட்டேனா?”

சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பாரா என்று கோதண்டத்துக்கே அப்போது சந்தேகம் வந்தது. உறுத்தல் வந்த நாளில் குப்பியை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை அவர். பையில் போட்டுக்கொண்டுதான் மலையேறியிருந்தார்.

பார்வையைத் திருப்பிக்கொண்டார். வெளியே குதிரைகள் புல் பிடுங்கும் சத்தம் கேட்டது.

“மறைப்புக்குப் பின்னால பாப்பாவ ஊசி போட்டு முடிச்சப்ப பக்கத்துல யாரு இருந்தா?” என்று சாமி கேட்டார்.

கோதண்டம் தெரியவில்லை என்றார். டாக்டர் இருந்திருப்பார். லாயத்து ஆள் இருந்திருப்பான்.

“நீங்க?”

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கேட்காத குரலில் சொன்னார். அடுத்த பந்தயத்திலும் அவருடைய குதிரை ஒன்று ஓட வேண்டியிருந்தது. அதற்குச் சேணம் கட்ட ஆளில்லை. அவர்தான் போகவேண்டி வந்தது. மறைப்புக் கட்டுவதற்கு முன்னால் தூரத்திலிருந்து பார்த்தார். பாப்பா தலையைத் தூக்கித் தூக்கி யாரையோ தேடியதுபோல இருந்தது.

சாமி கண்ணை மூடிக்கொண்டார். வலி ஒருமுறை வந்து போனது நெற்றியில் தெரிந்தது. அது போகும்வரை பொறுத்திருந்து, கோபமே இல்லாமல் சொன்னார்:

“என்கிட்டயும் அப்படித்தான் சார். ஓடற வரைக்கும் நின்னு பாத்தீங்க. அப்புறம் கிளம்பிட்டீங்க.”