மூத்தவருக்கே முதல் மடிப்பு

தென்காசிக் கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. மணப்பெண் இன்னும் பட்டு உடுத்தவில்லை. புடவை கட்டிவிட வந்த செண்பகவல்லிக்கு, அறையை அடைத்து நின்ற பெண்களைக் கூப்பிட்டே தொண்டை வற்றிப்போனது.

“பெரியம்மாமாரே, கொஞ்சம் வழி விடுங்க.”

“ஏட்டி, யாரு பெரியம்மா?” என்று சீறினாள் மாப்பிள்ளையின் அத்தை கோமதி.

“அக்காமாரே...”

“மாப்பிள்ளை வீட்டுக்காரிக்கு மரியாதை இல்லையா?”

“சரிங்கம்மா.”

“அம்மாவா? உன் வயசுதான் எனக்கும்!”

சொன்ன கையோடு மணப்பெண்ணை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டாள். “எனக்கு முதல்ல மடிப்பு வை. எங்க குடும்பத்துல மூத்தவங்களுக்குத்தான் எதுவும் முதல்ல. பொண்ணு காத்திருக்கட்டும்.”

செண்பகவல்லி வாயில் கவ்வியிருந்த ஊக்குகளை எடுத்தாள். அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “நல்ல வழக்கம்! இங்க யாரு மூத்தவங்களோ, வயசைச் சொல்லிட்டு முன்னால வாங்க. அவங்களுக்குத்தான் முதல் மடிப்பு.”

அறையில் நின்ற பதினாலு பெண்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கோமதி மெல்லக் கண்ணாடியை விட்டு நகர்ந்தாள்.

“பொண்ணுக்கே கட்டு. எங்களுக்கென்ன வயசாயிட்டுது, நாங்க நின்னுக்கிடுவோம்.”