மறைவு ஏதுமில்லை

"ஐயா, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வந்ததும் வராததுமாகக் காவ் கேட்டான். உட்காரக்கூட இல்லை.

ஷென் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பழைய சீனத்தின் சின் நாட்டில் ஐந்தைந்து வீடுகளை ஒரு கட்டாக்கி வைத்திருந்த காலம் அது. ஒரு வீட்டில் குற்றம் நடந்து, மற்ற நாலு வீடும் தெரிந்தே சும்மா இருந்தால் அவர்களுக்கும் தண்டனை. இடுப்போடு இரண்டு துண்டு. வெளியாள் தெரிந்து மறைத்தாலும் அதேதான். காட்டிக்கொடுத்தவனுக்கோ, போரில் எதிரியின் தலையைக் கொண்டுவந்தவனுக்கு உள்ள அதே பரிசு. அந்த ஊரில் மாதம் பிறந்தால் ஒவ்வொரு கட்டின் தலைவனும் சாவடிக்குப் போய் அதிகாரி முன் நின்று, "எங்கள் ஐந்து வீட்டிலும் மறைவு ஏதுமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காவ் அப்படி ஒரு தலைவன். நாளை மாதம் பிறக்கிறது.

இந்தச் சட்டத்தை எழுதிய சபையில் ஷென்னும் உட்கார்ந்திருந்தவர். அப்புறம் என்ன தோன்றியதோ, பதவியை உதறிவிட்டு வந்து வெங்காயம் போட்டார். காவ் ஏழு வருடமாக அவரிடம் சட்டம் படிக்கிறான். ஒரு வரி விடாமல் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"என்ன மறைவு?" என்றார் ஷென்.

"பக்கத்து வீட்டு லான். அவ புருஷன் மதில் கட்டப் போன இடத்துலேர்ந்து ஓடி வந்துட்டான். கல்லு விழுந்து காலு நசுங்கியிருக்கு. தவிட்டுப் பானைக்குப் பின்னால படுக்க வெச்சிருக்கா."

"நீ பாத்தியா?"

"இல்லைங்க. அவளே வந்து சொன்னா. புண்ணுக்குக் கட்ட மருந்து கேட்டா. சொல்லாம இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி!"

"மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன்."

ஷென் ஒரு களையைப் பிடுங்கி மண்ணை உதறினார்.

"சொன்னா அவங்க ரெண்டு பேரும் போனாங்க. சொல்லாம மாட்டினா நாங்க அத்தனை பேரும் போனோம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு ஐயா. மூணு நாளா சோறு இறங்கல. வாசல்ல நாய் குலைச்சாக்கூட எழுந்து ஓடிப் போய்ப் பாக்கறேன்."

"ம்."

"அரசன் நல்லவனா இருந்தா குடிகளும் நல்லவங்களா ஆயிடுவாங்கன்னு பழைய ஞானிங்க சொன்னாங்களாமே. சபையில யாரும் அதைச் சொல்லலையா?"

"சொன்னாங்க. சிரிச்சோம். நல்லவன் வர்ற வரைக்கும் நாடு காத்துக்கிட்டிருக்குமான்னு கேட்டோம். மன்னருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"அப்புறம்?"

"திருட்டு நின்னுது. களஞ்சியம் நிறைஞ்சுது. பக்கத்து நாடெல்லாம் நடுங்குச்சு."

"அப்ப சட்டம் நல்லதுதானே?"

ஷென் பிடுங்கிய களைகளைப் பாத்தியோரம் குவித்தார். எழுந்தார். கை கழுவினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வேலிப் படலைத் திறந்தார்.

"எங்கேங்க ஐயா கிளம்பிட்டீங்க?"

"சாவடிக்கு."

"லானைக் காட்டிக்குடுக்கப் போறீங்களா?"

"உன்னை."



"மூணு நாளா தெரிஞ்சும் நீ சொல்லல," என்றார் ஷென். "மருந்து வேற குடுத்திருக்கே. இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சு. நான் சும்மா இருந்தா என் இடுப்பு போயிடும். நீ படிச்ச சட்டம்தானே?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை. அவர் படலைத் தாண்டிவிட்டார்.

காவ் ஓடிப்போய் வழியை மறித்தான். அவன் கையில் பாத்தியோரம் கிடந்த மண்வெட்டி இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஷென் மண்வெட்டியைப் பார்த்தார்.

"இதை நாங்க சபையில யோசிக்கல," என்றார்.

காவ் அதைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். நாற்பத்தாறு வயது மனிதன்.

"உங்களை நம்பித்தானே ஐயா வந்து சொன்னேன்!"

"அவளும்தான்," என்றார் ஷென்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திக்குத் திரும்பினார். மறுபடி களை பிடுங்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை சாவடியில் நாற்பது தலைவர்கள் வரிசையில் நின்றார்கள். போதாத காலம், தலைநகரிலிருந்து கண்காணிப்பாளர் ஒருவரும் வந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு வாள்காரர்கள்.

காவ் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னே போனான். தொண்டையைச் செருமினான்.

"எங்கள் ஐந்து வீட்டிலும் மறைவு ஏதுமில்லை."

அதிகாரி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஓரமாக வந்து நின்றான்.

அடுத்து ஷென். அவர் கட்டுக்கு அவர்தான் தலைவர். அவரும் செருமிக்கொண்டுதான் சொன்னார்.

அதற்கடுத்து ஒரு குயவன். அவன் எச்சிலை விழுங்கினான். அவன் பின்னால் வந்தவன் இருமினான். அதற்கும் பின்னால் வந்தவன் பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மீதியைச் சொன்னான். எத்தனையோ மாதமாகக் காவ் இதே இடத்தில் நின்றிருக்கிறான். காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

நாற்பது பேரும் முடித்தார்கள். அதிகாரி எழுந்தார். ஊர் முழுவதற்குமாக அதே வார்த்தையை அவர் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

திரும்பி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.