தொய்ந்த பறை

“மனசு விரியணும்னுதாம்மா இங்க வந்தேன். நீங்க என்னைச் சுருக்கிட்டீங்க.”

சொன்னவர் தில்லைநாயகம். ஒரு காலத்தில் மைக் இல்லாமலே மைதானத்தை அதிரவைத்த மேடைப் பேச்சாளர். குரு பொன்னாத்தாள் அவரைவிட வயதில் மிக இளையவர். கொள்ளிடக் கரையில் குடில் போட்டிருந்தார்.

“எதைச் சுருக்கினேன்?”

“சோத்தை. பேச்சை. தில்லைநாயகங்கிற பேரைக்கூட வெறும் தில்லை ஆக்கிட்டீங்க. நான் கிளம்புறேன்.”

மூட்டை தயாராக இருந்தது. மேடைதோறும் போர்த்திய பொன்னாடைகள் அத்தனையும் அதற்குள். துறவுக்கு வந்த மனுஷன் அதையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார், என்ன சொல்ல!

பொன்னாத்தாள் ஆற்றைப் பார்த்தார்.

தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. நடுத்திட்டில் ஆடு மேய்க்கப் போன செல்லக்கண்ணுவும் அவர் மகளும் மழைக்குக் கோணியைப் போர்த்திக்கொண்டு, வரும் வெள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

தில்லை கரைக்கு ஓடினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். காற்று அந்தக் குரலை ஆற்றைத் தாண்ட விடவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளம் வந்தால் அடிக்கும் பறையைப் பொன்னாத்தாள் நீட்டினார்.

தில்லை அடித்தார்.

தொப்.

ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது.

பொன்னாத்தாள் கூரையின் உட்புறத்து வைக்கோலை உருவித் தாழ்வாரத்தில் பற்றவைத்தார். பறையைத் தீயில் காட்டினார்.

“தோல் சுருங்குதும்மா!”

“சுருங்கட்டும். அடிங்க.”

ணங்!

கோணிகள் எழுந்தன. அப்பனும் மகளும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.

மழை வலுத்தது. கரை மறைந்தது. இனி அவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

வைக்கோல் தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பறை மறுபடி தொப்பென்றது.

“எந்தப் பக்கம்ப்பா?” என்று ஆற்றுக்குள்ளிருந்து பெண்பிள்ளை அலறினாள்.

தில்லை மூட்டையை அவிழ்த்தார்.

முதல் பொன்னாடை குப்பென்று பிடித்துக்கொண்டது. அடுத்ததைப் போட்டார். அதற்கடுத்ததையும். பறையைக் காய்ச்சினார், அடித்தார், திரும்பக் காய்ச்சினார். கை கொப்பளித்தது. விடவில்லை.

முதலில் ஆடுகள் கரையேறின. பின்னாலேயே மகளைத் தோளில் சுமந்தபடி செல்லக்கண்ணு.

பொன்னாத்தாள் தாழ்வாரத்துச் சாம்பலைப் பார்த்தார்.

“கிளம்பலையா தில்லை? உங்க மூட்டை எங்கே?”

“சுருங்கிடுச்சும்மா.”