கரித்தாருக்குக் கிடைத்த பெயர்

அந்தக் காலத்தில், செடிக்கும் கரிக்கும் வாய் இருந்தபோது, நிலக்கரியிலிருந்து வடிந்த கறுப்புப் பிசுக்கான கரித்தார் தனக்கு நேர்ந்த அநீதிகளை வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். முதலில், காடாய் நின்ற அவன் முன்னோரை வெள்ளம் சாய்த்தது. அடுத்து, மண் மூடிக் கரியாக்கியது. பிறகு, தீ அந்தக் கரியைச் சுட்டுச் சூட்டையெல்லாம் சுருட்டிக்கொண்டு, அவனைக் கசடென்று வழியவிட்டது. கடைசியாக, காக்கைகூட அவனை உறவென்று சொல்ல மறுத்துப் பறந்துபோனது.

இத்தனையும் பொறுத்தவனால் நீலியைப் பொறுக்க முடியவில்லை. நீலி என்பது அவுரிச்செடி. இலை பச்சை; ஊறவைத்து அடித்தால் நீலம். அந்த நீலத்தைக் கட்டி கட்டியாகக் கப்பலேற்றினார்கள். கடலுக்கு அப்பால், நாக்குக்கு வந்தபடி அவளை 'அனில்' என்றார்கள்.

"அணிலா? கொய்யா மரம் ஏறப் போயேன்டி" என்றான் தார்.

"அது மூணு சுழி அண்ணே, இது ரெண்டு சுழி. உன்னை எந்த ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?"

அந்தக் கேள்வி அவனை உள்ளே அரித்தது. தனக்கென ஒரு பெயர் வேண்டும் என்று தீயிடம் போனான். நீலியும் பின்னாலேயே வந்தாள். இருவர் வயிற்றிலும் ஏதோ சரக்கு இருப்பதாகத் தீ சொன்னது. காய்ச்சினால் வெளியே வரும்; எந்த வீட்டில் முதலில் பிறக்கிறதோ அந்த வீட்டுப் பெயர்தான் அதற்கு, பிறகு மாற்றம் கிடையாது.

"நீ முதலில் உலையில் ஏறுகிறாயா?" என்றது தீ.

தார் நீலியைப் பார்த்தான். அந்த நீலம் அவன் கண்ணைக் குத்தியது.

"அவளை ஏற்று. அவள் கருகுவதை நான் பார்க்க வேண்டும்."

நீலி கருகினாள். நிறமில்லாத எண்ணெய் சொட்டியது. தார் சிரித்துக்கொண்டே உலையேறினான். அவனிடமிருந்தும் ஒரு துளி விழுந்தது. அதே எண்ணெய், அதே வாடை.

"அண்ணே என்று சும்மாவா கூப்பிட்டேன்?" என்றது அடியில் கிடந்த நீலியின் சாம்பல்.

பெயரைத் தனக்குத் தரும்படி தார் கெஞ்சினான். இருவரையும் தின்ற தீ வயிற்றைத் தடவிக்கொண்டு, பருத்தியையும் மஞ்சளையும் சாட்சிக்கு அழைத்து, தீர்ப்பை உரக்க வாசித்தது.

கரித்தாரின் வயிற்றில் பிறக்கும் அந்தச் சாய எண்ணெயை யார் கூப்பிட்டாலும், நீலியின் பெயரே கேட்பது அன்று முதல்தான்: அனிலின்.