வாடகைக்கு வந்த குரு

தீர்ப்புச் சொல்லத் துணிவிருப்பவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பது இன்னும் நல்லது. இது ஒரு மீன் தூள் ஆலையைப் பற்றிய வழக்குதான், ஆனாலும் இதில் நாறுவது ஆலை மட்டும் அல்ல.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மீன் கழிவை வேகவைத்துத் தூளாக்கும் ஆலை அங்கே வந்த பிறகு, சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. முத்துப்பேச்சி என்ற பெண் தன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வக்கீல் ஜெபராணியிடம் வந்தாள். மூடியைத் திறந்ததும் ஜெபராணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இதைத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கேன். கேசு போட்டா கடைசி மட்டும் கூட இருப்பியளா வக்கீலம்மா?”

ஜெபராணி எந்த வழக்கு வந்தாலும் செய்வதுபோல, ஆலைக்கு வக்கீல் யார் என்று முதலில் விசாரித்தாள். யாரோ திருநெல்வேலிக்காரர் என்று தெரிந்த பிறகுதான் சொன்னாள்: “இருப்பேன்.”

அந்த விசாரணைக்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தனுஷ்கோடி. பத்திரத்தை எப்படிப் படிப்பது, பொய் சொல்லும் சாட்சியின் முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பது, எல்லாம் அவரிடம் படித்தவை. அவள் சேர்ந்த புதிதில், எதிராளி பெரிய இடம் என்று தெரிந்து வழக்கை உதறிய ஒரு ஜூனியரின் கறுப்புக் கோட்டை அவர் தெருவில் தூக்கி எறிந்தார். “கட்சிக்காரனைப் பாதியில விட்டவன் என் ஆபீஸ் படி ஏறக்கூடாது” என்று அவர் போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

தனியாகத் தொழில் தொடங்கிய அன்று ஜெபராணி அவர் கேட்காமலே வாக்குக் கொடுத்தாள். “சார் ஆஜராகிற எந்த வழக்கிலும் எதிர்ப்பக்கம் வக்காலத்து வாங்க மாட்டேன்.” அவளுக்குப் பின் வந்த ஜூனியர் ஆவுடையப்பனும் அதையே சொன்னான். வருஷக்கணக்காக இருவரும் அதைக் காப்பாற்றினார்கள். முத்துப்பேச்சியின் வழக்கிலும் இருவரும் சேர்ந்தே நின்றார்கள்.

வழக்கு நன்றாகவே போனது. குறுக்கு விசாரணையில் ஆலை மேனேஜர் திக்கித் திணறிக்கொண்டிருந்தபோது வாய்தா விழுந்தது. அந்த இடைவெளியில் ஆலைக்காரர்கள் வக்கீலை மாற்றினார்கள். கெட்டிக்கார வக்கீலாகத் தேடினார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிரே நிற்பவளின் குரு யார் என்று தேடினார்கள்.

தனுஷ்கோடி மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு ஜெபராணியின் ஆபீசுக்கு வந்தார்.

“ராணி, நீ எனக்குப் பொண்ணு மாதிரி. என் எதிர்ல நிப்பியாம்மா? கேஸை வேற யாருட்டயாவது குடுத்திரு.”

“சார், மேனேஜர் குறுக்கு விசாரணையில பாதியில நிக்கான். இப்ப மாத்தினா கேஸ் விழுந்திரும்.”

“அதுக்குத்தானம்மா என்னையக் கூப்பிட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். போகும்போது வழக்கம்போல அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அந்தக் கைக்காக ஒரு காலத்தில் அவள் காத்துக் கிடந்திருக்கிறாள். இன்று கிணற்று எண்ணெய் தலையில் வடிந்தது போல இருந்தது.  மக்ரூன் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினாள்.

பிறகு மதுரைக்குப் போன் செய்தாள். ஹைகோர்ட் வழக்குகளில் சில வருஷங்களாக அவளுக்கு வழி சொல்லிவருபவர் கலாவதி மேடம். என்ன செய்வது என்று அவரிடம் கேட்டாள்.

“நான் சொன்னா எனக்காகச் செய்வே” என்றார் அவர். “அப்புறம் ஒருநாள் நானும் அதுக்குக் கூலி கேட்டு வருவேன். நீயே முடிவு பண்ணு. கோர்ட் முடிஞ்சதும் கூப்பிடு. என்ன பண்ணியிருந்தாலும் போனை எடுப்பேன்.”

வாய்தா நாள் வந்தது. தனுஷ்கோடி உள்ளே நுழைந்ததும் ஜெபராணியும் ஆவுடையப்பனும் எப்போதும்போல எழுந்து நின்றார்கள்.

“அக்கா, தொழில் குடுத்த மனுசன். எனக்கு மனசு வரல” என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் வழக்கிலிருந்து விலகிக்கொண்டு வெளியேறினான். தனுஷ்கோடி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஜெபராணி எழுந்தவள் உட்காரவில்லை. கூண்டிலிருந்த மேனேஜரிடம், போன வாய்தாவில் நின்றுபோன கேள்வியிலிருந்து தொடங்கினாள்.

அன்று கோர்ட் வராந்தாவில் தனுஷ்கோடி எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: “வக்கீல் யாருக்கு வேணும்னாலும் ஆஜராகலாம். அது என் உரிமை. வாக்குத் தவறினது அவ.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தனுஷ்கோடி உரிமையைச் சொன்னார், ஆவுடையப்பன் நன்றியைச் சொன்னான், ஜெபராணி முத்துப்பேச்சியிடம் சொன்ன ஒரு வார்த்தையோடு நின்றாள். இதில் யார் செய்தது சரி? ஜெபராணி குருவுக்குக் கொடுத்த வாக்கை மீறினாளா?

விடை: மீறவில்லை. அவர் இருக்கும் வழக்குக்குள் எதிர்ப்பக்கமாகப் போக மாட்டேன் என்பதுதான் அவள் வாக்கு. இங்கே முதலில் இருந்தவள் அவள். எதிரே வந்தவர் அவர். வக்கீல் யாருக்கும் ஆஜராகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆலைக்காரர்கள் அவருடைய சட்ட அறிவை வாடகைக்கு எடுக்கவில்லை, அவர்மேல் ஜெபராணி வைத்திருந்த மரியாதையை எடுத்தார்கள். வாடகைக்கு விட அது அவருடைய சொத்து அல்ல. ஆவுடையப்பன் நல்லவன்தான், ஆனால் அவன் நன்றிக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகள். சரியாகச் செய்தவள் ஜெபராணி ஒருத்திதான். அன்று அவளும் விலகியிருந்தால், கட்சிக்காரனைப் பாதியில் விடாதே என்று தனுஷ்கோடி கற்றுக்கொடுத்ததை நினைவில் வைத்திருக்க அந்தக் கோர்ட்டில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள், தனுஷ்கோடி உட்பட.